இரவல் நடை

“நடந்தா சரியாயிடும்” என்று எனக்குச் சொன்னவர்களை வரிசையாக நிற்க வைத்தால் காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரைக்கும் நிற்பார்கள். நாத்தனார் சொன்னாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட, நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அழகைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் நடங்க்கா, எல்லாஞ் செரியாப் போயிரும்” என்றார். அவர்கள் பொய் சொல்லியிருந்தால் எனக்கு அத்தனை கோபம் வந்திருக்காது. சொன்னது உண்மை. அதுதான் பொறுக்கவில்லை.

எனக்கு வந்த நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். உடம்பு முழுக்க வலி, எங்கேயும் காயமில்லை. ரத்தம், எலும்பு, ஸ்கேன், எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ரவிக்கைக் கை தோளில் உரசினால் வலிக்கும். நாற்காலியில் முதுகைச் சாய்த்தால் வலிக்கும். தூங்கி எழுந்தால் தூங்காதவளைவிடக் களைப்பாக இருக்கும். நான் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவள். ஒருநாள் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதும்போதே கை இறங்கிவிட்டது, மீதியை வாயால் சொல்லி முடித்தேன். பிள்ளைகள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அன்றைக்கே நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த நோவுக்கு மாத்திரையைவிட உடற்பயிற்சிதான் கேட்கும் என்று எல்லா டாக்டர்களும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னார்கள். மெதுவாக ஆரம்பிக்க வேண்டும், விடாமல் செய்ய வேண்டும். சரியென்று தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. நீச்சல் பழகின பிறகுதான் கிணற்றில் இறங்குவேன் என்றவன் கதைதான். ஏழு வருஷம் அந்தக் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் சிங்காநல்லூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு கிளினிக்கைப் பற்றி என் வீட்டுக்காரர் தாமோதரன் கேள்விப்பட்டு வந்தார். அவர் பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர். உலகத்தில் எல்லாவற்றையும் மோட்டாராகத்தான் பார்ப்பார், என்னையும் சேர்த்து.

அங்கே பெனிட்டா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். கையில் ஒரு பட்டையை வைத்துக்கொண்டு விளக்கினாள். கட்டிக்கொண்டால் அது முதுகுத்தண்டை ஒட்டி, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் வரும்.

“உங்க நரம்பு, வர்ற சேதி எல்லாத்தையும் பெரிசு பண்ணிக் காட்டுது டீச்சர். பக்கத்து வீட்டுல ஸ்பூன் விழுந்தா உங்களுக்கு அண்டா விழுந்த மாதிரி கேக்குது. அதனால நாலு அடி வெச்சாலும் ஒடம்பு பயந்துக்குது. வலியில்லாத ஒருத்தர் நடக்கறப்ப அவங்க முதுகுத்தண்டுல ஓடற சேதியைப் பதிவு பண்ணி வெச்சிருக்கோம். நீங்க நடக்கறப்ப அது உங்களுக்குள்ள ஓடும். நடக்கறோம், ஒண்ணும் ஆகலைன்னு மூளை நம்பும். நம்ப நம்ப நரம்பு அடங்கும். அப்புறம் பட்டையே வேண்டாம்.”

“அட, ஏர் லாக் ஆன பம்புக்கு வெளியில இருந்து ஒரு குடம் தண்ணி ஊத்தி ஓட்டி விடறோமே, அதுதானுங்களே?” என்றார் தாமோதரன்.

“அதேதான் சார்” என்று சிரித்தாள் பெனிட்டா.

உடனே அவருக்கு அதைக் கட்டிப் பார்க்க வேண்டும். கட்டிக்கொண்டு அறைக்குள் நாலு சுற்றுச் சுற்றினார். ஒன்றுமே தெரியவில்லை என்றார். நல்ல உடம்புக்கு அது கேட்காது, அவ்வளவு மெல்லிய சேதி, என் மாதிரி நரம்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் கேட்கும் என்றாள் பெனிட்டா. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் உடம்பை யாரோ ஒரு திறமை மாதிரிப் பேசினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரே ஒரு விதிதான். பதிவு செய்தவர் நடந்த அதே பாதையில்தான் நாமும் நடக்க வேண்டும், அப்போதுதான் மேடும் பள்ளமும் பொருந்தும். கிளினிக்குக்குப் பின்னாலிருந்த மாநகராட்சிப் பூங்காவின் சுற்றுப்பாதைதான் அது. காலையில் பட்டையைக் கட்டிவிடுவார்கள். பெயர் தெரியாத ஒருத்தியின் நடை என் கால்களுக்குள் இறங்கும்.

அந்த முதல் நாளை எப்படிச் சொல்வது. பாதம் தரையில் பட்டது, பட்டதோடு சரி. முழங்காலிலிருந்து இடுப்புக்கு நெருப்பு ஏறவில்லை. யாரோ ஒருத்தியின் வலியில்லாத இடுப்பு எனக்குள் அசைந்து கொடுத்தது. சின்ன வயசுக்காரி, கொஞ்சம் வேகக்காரி, இடது பாதத்தை லேசாக வெளியே தள்ளி வைப்பவள். அவ்வளவு தெரிந்தது. ஒரு சுற்று முடித்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, என்னை மறந்து முதுகைச் சாய்த்தேன். மறுநாள் படுக்கையிலிருந்து எழுந்து நானே காபி போட்டேன்.

இரண்டாம் வாரத்தில்தான் கையைக் கவனித்தேன். நடக்கும்போது என் வலது கை தானாகப் பாதி மூடிக்கொண்டது. உள்ளே எதையோ பிடித்திருப்பதுபோல ஒரு வெதுவெதுப்பு. அவ்வப்போது மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாக ஏதோ இழுத்தது. முதல் இழுப்பில் குனிந்து பார்த்தேன். பாதையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பெனிட்டாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

“பதிவு பண்றப்ப தனியா நடக்கணும்ங்கறதுதான் முறை டீச்சர். அந்தப் பொண்ணு குழந்தையோட வந்துட்டா. விட்டுட்டு வர ஆள் இல்லையாம். படமோ குரலோ பதிவாகப் போறதில்லையே, கையைப் புடிச்சுக்கிட்டு வந்தா வந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம். கையில படறது முதுகுத்தண்டு வழியாத்தான் போகும்னு எங்களுக்கு அப்ப தோணவே இல்லை.”

“அந்தக் குழந்தைக்கு இப்ப எத்தனை வயசு?”

அவள் பட்டையைச் சுருட்டி வைத்தாள். “இல்லை டீச்சர். போன மழைக்காலத்துல காய்ச்சல் வந்து போயிட்டான். நாலரை வயசு.”

அன்று வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று கேட்டால் தெரியாது. மறுநாள் போக வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் விடிந்ததும் கால்கள் என்னைக் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டன. வலியில்லாத உடம்பின் ருசி அப்படிப்பட்டது.

சில நாள் கழித்து பெனிட்டா என்னைத் தனியாக அழைத்தாள். “நான் செய்யறது தப்பு. தெரிஞ்சேதான் செய்யறேன். அந்தப் பொண்ணு ஒரு தடவை அந்தப் பதிவைத் தனக்குக் கட்டிவிடச் சொல்லி வந்தா. கட்டிவிட்டேன். உங்க சார் மாதிரிதான், அவளுக்கும் ஒண்ணும் தெரியலை. அவ நடை, அவ கை, அவ குழந்தை, அவளுக்குக் கேக்கலை. இங்கயே உக்காந்து அழுதா. உங்களைப் பாக்கணும்ங்கறா.”

வினோதினி வந்தாள். முப்பது வயசு இருக்கும். பின்னலாடைக் கம்பெனியில் செக்கிங் வேலை. இடது பாதத்தை லேசாக வெளியே தள்ளி வைத்து அவள் என்னை நோக்கி நடந்து வந்தபோது, என்னுடைய நடை எனக்கு எதிரே வருவதுபோல இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள்.

“கூட நடக்கட்டுங்களாக்கா?”

நடந்தோம். எனக்கு வலப்பக்கம் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, அதற்கு அப்பால் அவள்.

“இப்ப கையை முன்னாடி இழுக்கறான்” என்றேன்.

“தண்ணிக் குழாய்ங்க்கா. குழாயைப் பாத்துட்டான்னா ஓடுவான்.”

“இங்க குதிக்கற மாதிரி இருக்கு. விட்டு விட்டு.”

அவள் பாதையைக் காட்டினாள். கட்டம் கட்டமாகப் பதித்த கல். “கோட்டை மிதிக்க மாட்டானுங்க. மிதிச்சா அவுட்டாம்.”

“இப்ப தொங்கறான். கீழ போறான்.”

“கல்லுப் பொறுக்கறான். டவுசர் ஜோப்பு பூரா கல்லு. துவைக்கறப்ப எடுத்து எடுத்துப் போடுவேன்.” அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் பெயர் கவின். அதற்குப் பிறகு தினமும் காலையில், ஷிப்டுக்குப் போகுமுன், அவள் வந்தாள். நான் இழுப்பைச் சொல்வேன், அவள் பிள்ளையைச் சொல்வாள். பாதையின் கடைசிப் பகுதியில் மட்டும் ஒரு விஷயம் எனக்குப் புரியாமலிருந்தது. வேப்பமரத்தைத் தாண்டியதும் மூன்று இழுப்பு வரும். கீழே அல்ல, மேலே. அப்புறம் உள்ளங்கை வெறுமையாகி, சுண்டுவிரலில் மட்டும் ஒரு சின்னப் பிடி தொங்கிக்கொண்டே வரும், பதிவு முடியும் வரைக்கும்.

அவள் அந்த இடம் வந்தால் பேச மாட்டாள். ஒருநாள் நானாகக் கேட்டேன்.

“தூக்கிக்கச் சொல்றானுங்க்கா” என்றாள். “கால் வலிக்குதும்மான்னான். கனம் தூக்கி நடந்தா பதிவு கெட்டுப் போயிரும்னு சொல்லியிருந்தாங்க. கொஞ்சந்தான் சாமி, நடன்னேன். மூணு தடவை கேட்டுட்டு அப்புறம் கேக்கலை.”

அன்று மீதிப் பாதையில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள்.

எனக்கு உடம்பு தேறிக்கொண்டே வந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிந்தது. தலைக்கு நானே எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். தாமோதரன், “தண்ணி புடிச்சிருச்சு, இனி மோட்டார் தானா ஓடும்” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். ஆடி முடிந்து காற்று குறைந்த ஒரு காலையில் தண்ணீர்க் குழாயைத் தாண்டினேன், கையில் ஒன்றுமே நிகழவில்லை.

பெனிட்டாவிடம் ஓடினேன். பதிவு பழுதாகிவிட்டதா என்று கேட்டேன்.

“பதிவு அப்படியேதான் இருக்கு. உங்க நரம்பு அடங்குது டீச்சர். இதுக்குத்தானே நடந்தீங்க? நல்லா ஆக ஆக அது கேக்காது.”

“நான் குணமானா அவன் போயிடுவானா?”

“நடக்கறதை நிறுத்தினீங்கன்னா வலி திரும்ப வரும். வலி வந்தா அதுவும் கேக்கலாம். அப்படி இருங்கன்னு ஒரு பிசியோ எந்த வாயால சொல்லுவா?”

அன்று முதல் நான் பொய் சொன்னேன். எனக்குப் பாதை மனப்பாடம். குழாயடியில், “இழுக்கறான்.” கட்டக் கல்லில், “குதிக்கறான்.” கணக்கு டீச்சருக்கு வரிசை தப்பாது. ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று இடம் கையில் அணைந்துகொண்டே வந்தது, நான் வாயால் ஏற்றிக்கொண்டே வந்தேன். செத்த பிள்ளைக்குக் குரல் கொடுக்கும் பாவத்தை எந்தக் கோயிலில் போய்க் கழுவுவது என்று இரவில் படுத்துக்கொண்டு யோசிப்பேன். யோசித்துவிட்டு நன்றாகத் தூங்குவேன். அதுதான் அசிங்கமாக இருந்தது.

சுண்டுவிரல் பிடியும் போன அன்று, வேப்பமரத்தடியில் நான், “மேல இழுக்கறான்” என்றதும் வினோதினி நின்றுவிட்டாள்.

“இல்லீங்க்கா.”

“என்ன இல்லை?”

“நான் உங்க வாயைப் பாக்கறதில்லீங்க்கா. மொத நாள்ல இருந்து கையைத்தான் பாக்கறேன். மூடவே இல்லை. கொஞ்ச நாளாவே மூடறதில்லை.” அவள் குரலில் கோபமே இல்லை. “நீங்க சொல்றது கேக்க நல்லா இருந்துது. அதனால கம்முனு இருந்தேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அக்கா, கொஞ்ச நாளைக்கு மட்டும் நீங்க நடக்காம இருந்தீங்கன்னா...”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “எனக்கு மறுபடியும் நோவு வரணுங்கறயா? அது என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க்கா. தப்புத்தான், மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் தியாகி இல்லை. ஆனாலும் முயன்று பார்த்தேன் என்பதை யாராவது ஒருவர் நம்ப வேண்டும். சில நாள் நடக்காமல் வீட்டிலேயே இருந்தேன். ஒரு காலையில் பல் துலக்கும்போது தோளில் அந்தப் பழைய நெருப்பு பொறியாக விழுந்தது. அப்படியே பிரஷ்ஷை வைத்துவிட்டு, வாயைக்கூடக் கொப்பளிக்காமல், பூங்காவுக்கு ஓடினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பட்டை இல்லாமல், என் சொந்தக் காலில். ஓடும்போது வலது கையை இறுக்கி மூடிக்கொண்டேன். எதுவும் இல்லை.

பள்ளிக்கூடம் திரும்பினேன். கரும்பலகையில் முழுச் சமன்பாட்டையும் எழுதினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெனிட்டா போன் செய்தாள். “கிளினிக்குக்கு வர முடியுமா டீச்சர்? என்னால தனியா முடிவெடுக்க முடியலை.”

வராந்தாவில் வினோதினி உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் விளிம்பில், முதுகு எதிலும் படாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் வளையல் இல்லை. துப்பட்டாவை மடித்து மடியில் வைத்திருந்தாள், தோளில் போடவில்லை. ஏழு வருஷம் நான் உட்கார்ந்திருந்த விதம் அது. உலகத்தில் வேறு யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது.

“அக்கா” என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம். “எனக்கும் வந்துருச்சுங்க்கா. ஒடம்பு பூரா நோவுது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மலுங்க.”

பரீட்சையில் பாஸான பிள்ளை சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் பெனிட்டாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். “இதெப்படி? வேணும்னா வர்ற நோவா இது?”

“வேணும்னெல்லாம் வராது. ஆனா மாசக்கணக்கா தூக்கம் இல்லாம, மனசு ஒடைஞ்சு கெடக்கற ஒடம்புல வரலாம். சில பேருக்கு வருது. அவ தூங்காம இருந்தாளா, தூக்கம் வராம இருந்தாளா, அது எனக்குத் தெரியலை டீச்சர். நான் கேக்கலை.” அவள் பட்டையைக் கையில் வைத்து முறுக்கினாள். “இப்ப அவ என் நோயாளி. வைத்தியம் நடைதான். எந்தப் பதிவுன்னு நான்தான் முடிவு பண்ணணும். இதைக் குடுத்தா மருந்தா விஷமா?”

என்னைக் கேட்கிறாள். அந்த மருந்தைக் குடித்து எழுந்து நிற்பவள் நான். நான் எழுந்த இடத்தில்தான் இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

“கட்டி விடு” என்றேன்.

மூவரும் பூங்காவுக்குள் இறங்கினோம். இந்தத் தடவை அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம், நடுவில் அதே இடம். முதல் சில அடிகள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். அப்புறம் அவளுடைய பழைய நடை அவளுக்குள் வந்து சேர்ந்தது. வலது கை மெதுவாகப் பாதி மூடியது.

அவள் நிற்கவில்லை, அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். நான் அவளுக்கு இடப்பக்கம் மாறி வந்து, இடது முழங்கையைப் பிடித்து வழி காட்டினேன். குழாயடியில் அவள் கை முன்னால் போனது. கட்டக் கல்லில் ஏறி இறங்கியது. என் கையில் ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிற கை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஆரோக்கியத்தின்மீது எனக்கு எரிச்சல் வந்தது.

வேப்பமரத்தைத் தாண்டினோம். முதல் இழுப்புக்கு அவள் தோள் அசைந்தது. இரண்டாவது. மூன்றாவது இழுப்பில் வினோதினி குனிந்தாள். அந்த உடம்போடு குனிவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கே முதுகு சுளீர் என்றது. குனிந்து, இரண்டு கையாலும் வெறும் காற்றை வாரி எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். எதிரே வாக்கிங் வந்த பெரியவர் ஒதுங்கிப் போனார். பெனிட்டா திரும்பி நின்றுகொண்டாள்.

பதிவு முடியும் வரைக்கும் அப்படியே நடந்தாள்.

பெஞ்சில் விளிம்போரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “தினமும் நடந்தா இது போயிருங்களாக்கா?”

“தினமும் விடாம நடந்தா நாலஞ்சு மாசத்துல போயிடும். ரெண்டும்.”

“விட்டு விட்டு நடந்தா?”

“போகாது.”

“நோவும் போகாதுங்களா?”

“போகாது வினோதினி. அதோடயே இருக்கணும். சோறு பிசையறப்ப, தலை வாரறப்ப, படுத்தா, எழுந்தா. ஏழு வருஷம் இருந்தவ சொல்றேன்.”

அவள் கேட்டுக்கொண்டாள். விடை சரியாக வந்துவிட்ட பிள்ளை நோட்டை மூடுவதுபோலத் தலையாட்டினாள். “அப்ப வாரம் ஒருக்கா வர்றேங்க்கா.”

நடந்தா சரியாயிடும். அந்த இரண்டு வார்த்தையும் என் தொண்டை வரைக்கும் வந்தன. கேஸ் சிலிண்டர்க்காரர் சொன்ன அதே வார்த்தை, உலகத்திலேயே உண்மையான வார்த்தை. தினமும் வா, நானும் கூட நடக்கிறேன், சரியாயிடும் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

“எந்தக் கிழமை?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெழமைங்க்கா. லீவு.”

பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவள் கேட்டை நோக்கிப் போனாள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது நோவு வந்தவளின் நடையா, இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவளின் நடையா என்று அவள் தெரு திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.